மல்யுத்தப் பயிற்சியாளர்களையும் நடுவர்களையும் வாழ்நாள் சேவைக்காகக் கௌரவிப்பது எப்படி

ஓய்வு பெறும் மல்யுத்த வீரருக்கு இந்த விளையாட்டே ஒரு விடைபெறும் முறையை வைத்திருக்கிறது. கடைசிப் போட்டி முடிந்ததும் அவர் தன் காலணிகளைக் கழற்றி விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு வெறுங்காலுடன் வெளியேறுவார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ரூலன் கார்ட்னர் அப்படித்தான் விடைபெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஐந்தாவது தங்கத்தை வென்ற கியூபாவின் மிஹைன் லோபஸும் காலணிகளை அங்கேயே விட்டுச் சென்றார். அரங்கத்தில் இருப்பவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் அப்படி எதுவும் கிடையாது. முப்பது ஆண்டுகள் தவறாமல் வந்தவர் ஒரு பருவத்தில் முழங்கால் வலியால் வராமல் போகிறார், அடுத்த பருவத்தில் அவர் இடத்தில் வேறொருவர் நிற்கிறார், அவ்வளவுதான். ஆகவே அவர்களைக் கௌரவிக்கும் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டு, முறையாகத் திட்டமிட்டுச் செய்தாக வேண்டும். ஒரு கிளப்போ, பள்ளியோ, வட்டாரச் சங்கமோ பெரிய செலவில்லாமல் இதைச் செய்ய முடியும். வேண்டியதெல்லாம் பொறுமையும், விவரங்களைத் தேடி எடுக்கும் உழைப்பும்தான். விருது பெறுபவர் மனத்தில் கடைசிவரை நிற்பது, தான் செய்த வேலை இன்னதென்று தெரிந்தவர்கள் அதைத் தந்தார்கள் என்ற நிறைவு. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் அந்த நிறைவை அவருக்குத் தருவதற்காகவே.

யாரைத் தேர்ந்தெடுப்பது

முதலில் 'வாழ்நாள் சேவை' என்பதற்கு உங்கள் சங்கம் ஒரு வரையறையை எழுதி வைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். நோய், குடும்பம், வேலை மாற்றம் ஆகியவற்றால் நடுவில் விடுபட்ட ஆண்டுகளைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கிவிடக் கூடாது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் போதும். ஒருவரே பத்து ஆண்டுகள் பயிற்சியாளராகவும் பதினைந்து ஆண்டுகள் நடுவராகவும் இருந்திருக்கலாம். அதையும் ஒரே சேவையாகவே கொள்ள வேண்டும். எடை பார்ப்பவர், நேரம் குறிப்பவர், போட்டி அட்டவணை தயாரிப்பவர் ஆகியோரும் இந்த வரையறைக்குள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடியற்காலையில் எடைக்கருவிக்கு அருகில் அமர்ந்து இருநூறு பேரின் எடையைக் குறித்தவர் இல்லாமல் அன்றைய போட்டி தொடங்கியிருக்காது.

உலக அளவிலும் தேசிய அளவிலும் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரில் 1976-இல் தொடங்கப்பட்ட தேசிய மல்யுத்தப் புகழரங்கம், தன் மாநிலக் கிளைகள் வழியாகப் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வாழ்நாள் சேவை விருது வழங்கி வருகிறது. இந்தியாவில் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது 1985-இல் தொடங்கப்பட்டபோது, முதல் ஆண்டில் அதைப் பெற்றவர்களுள் ஒருவர் மல்யுத்தப் பயிற்சியாளரான பால்சந்திர பாஸ்கர் பாகவத். இவற்றில் பின்பற்றத் தக்கது மாநிலக் கிளைகளின் முறைதான் என்று நினைக்கிறேன். ஒருவருடைய முப்பது ஆண்டு உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.

பயிற்சியாளரைப் பதக்கங்களை வைத்து அளப்பது எளிது. ஆனால் அது பெரும்பாலும் தவறான முடிவைத் தரும். தொடக்கநிலைப் பயிற்சியாளரிடம் கற்ற திறமையான சிறுவர்கள் பதினைந்து வயதில் பெரிய மையங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள்; அங்கே கிடைக்கும் பதக்கங்கள் வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அதனால் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். அவரிடம் கற்றவர்களில் எத்தனை பேர் பிற்காலத்தில் பயிற்சியாளராகவோ நடுவராகவோ ஆனார்கள்? ஒருபோதும் வெற்றி பெறாத மாணவர்கள் எத்தனை ஆண்டுகள் அவரிடம் தொடர்ந்து வந்தார்கள்? பெண்கள் மல்யுத்தம் செய்வதைச் சுற்றியிருந்தவர்கள் எதிர்த்த காலத்தில் அவர் தன் பயிற்சிக் கூடத்தைத் திறந்து வைத்திருந்தாரா? எடைக் குறைப்பில் அவர் எப்படி நடந்துகொண்டார்?

இந்தக் கடைசிக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் போட்டிக்காக வேகமாக எடையைக் குறைக்க முயன்றபோது உயிரிழந்தார்கள். அதன் பிறகே அங்கே எடை பார்க்கும் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. நீர் அருந்தாமல், ரப்பர் உடை அணிந்து ஓடச் சொல்வது வழக்கமாக இருந்த காலத்தில் 'இந்தப் பையன் அடுத்த எடைப் பிரிவில் ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை' என்று சொன்ன பயிற்சியாளர் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது தேர்வுக்குழுவின் வேலை.

இதோடு சேர்ந்த இன்னொரு கடமையும் உண்டு. பெயரை அறிவிக்கும் முன், அவர்மீது மாணவர்களைத் துன்புறுத்தியதாகவோ, தகாத முறையில் நடந்ததாகவோ புகார் ஏதும் உள்ளதா என்று சங்கத்திலும், அவர் பணியாற்றிய இடங்களிலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற வேண்டும். இது அவரை அவமதிப்பதாகாது. எல்லோருக்கும் ஒரே விதியாக வைத்துவிட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். ஒரு காலத்தில் காயப்பட்ட மாணவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்க நேர்ந்தால், அதைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய இயலாது.

தேர்வுக்குழுவில் ஐந்து பேர் போதும். பயிற்சியாளர், நடுவர், முன்னாள் வீரர் அல்லது வீராங்கனை ஆகியோரில் தலா ஒருவரும், மல்யுத்தத்துக்கு வெளியே இருந்து ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். தன் குருவின் பெயரோ உறவினரின் பெயரோ வரும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியே சென்றுவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் வழங்காதீர்கள். பட்டியல் நீளமாக இருந்தால் வயதில் மூத்தவரையும் உடல்நலம் குன்றியவரையும் முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்ட பெயர் மறைந்தவர் பட்டியலுக்குப் போவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கேடயத்தைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் நன்றி சொன்னார்கள். எங்களுக்குத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடுவரைப் பற்றித் தனியாகச் சில சொற்கள்

பயிற்சியாளரைப் பரிந்துரைக்க மாணவர்கள் இருக்கிறார்கள். நடுவருக்கு யாரும் இல்லை. ஒரு நடுவர் சிறப்பாகச் செயல்பட்ட போட்டியில் அவர் இருந்ததே நினைவில் நிற்பதில்லை. தவறிய ஒரே ஒரு தீர்ப்பு மட்டும் இருபது ஆண்டுகள் பேசப்படுகிறது. ஆகவே நடுவரைப் பற்றிய தகவல்களைத் திரட்டும் முறையே வேறாக இருக்க வேண்டும்.

அவரோடு ஒரே விரிப்பில் பணியாற்றிய மற்ற நடுவர்களிடம் கேளுங்கள். சர்வதேச விதிகளின்படி ஒரு போட்டியை மூன்று பேர் நடத்துகிறார்கள். விரிப்பின் மேல் ஒருவர் நிற்கிறார், ஓரத்தில் துணை நடுவர் அமர்ந்திருக்கிறார், மூன்றாமவர் விரிப்புத் தலைவர். விரிப்பின் மேல் நிற்பவரின் இடது கையில் சிவப்புப் பட்டையும் வலது கையில் நீலப் பட்டையும் இருக்கும். எந்த நிற உடை அணிந்தவருக்குப் புள்ளி என்பதை அந்தக் கையை உயர்த்தி, விரல்களால் எண்ணிக்கை காட்டுவார். ஒரு வீரர் இரு தோள்களும் விரிப்பில் பதிந்து தோற்றுவிட்டாரா என்று பார்க்க, வியர்வையில் நனைந்த விரிப்பிலேயே படுத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, தோளுக்கும் விரிப்புக்கும் இடையிலான அந்த மெல்லிய இடைவெளியைத் தேட வேண்டியிருக்கும். மற்றவர்களில் ஒருவர் உறுதி செய்த பிறகே கையால் விரிப்பைத் தட்டி விசில் ஊதுவார். நான் அறிந்த மூத்த நடுவர் ஒருவர், அறுபதை நெருங்கிய வயதிலும் சிறுவர் போட்டிகளில் இப்படிப் படுத்து எழுந்துகொண்டிருந்தார். பதினோரு வயதுப் பையன்களின் போட்டிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டதற்கு, 'அந்தப் பையனுக்கு இதுதானே உலகப் போட்டி' என்றார். அவருடைய கைப்பட்டைகளின் எலாஸ்டிக் தளர்ந்து, மணிக்கட்டில் ஊக்கு குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. பாராட்டுரைக்கு வேண்டிய விவரம் இப்படிப்பட்டதுதான். எந்தக் கோப்பிலும் கிடைக்காது, உடனிருந்தவர்களிடம்தான் கிடைக்கும்.

அவர் தீர்ப்பில் தோற்ற அணிகளின் பயிற்சியாளர்களிடமும் பேசுங்கள். அவர்கள் ஒரு நடுவரை நேர்மையானவர் என்று சொன்னால் அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பழைய புள்ளித் தாள்களில் நடுவர்களின் பெயரும் கையெழுத்தும் இருக்கும். அவற்றை வைத்து ஆண்டுகளை உறுதிப்படுத்தலாம்.

எண்ணிக்கை சொல்லும்போது எச்சரிக்கை தேவை. 'இருபதாயிரம் போட்டிகளை நடத்தியவர்' என்று ஆர்வத்தில் எழுதிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 15 போட்டிகள், ஆண்டுக்கு 12 நாள்கள் என்று வைத்தால் 180, முப்பது ஆண்டுகளில் 5,400. அதுவே வியக்கத்தக்க எண்தான். மிகைப்படுத்திய எண்ணை மேடையில் கேட்கும் நடுவர் கூசிப் போவார், ஏனென்றால் வாழ்நாள் முழுவதும் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் இருந்தவர் அவர்.

பாராட்டுரையை எழுதுதல்

ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். 'தன்னலமற்ற தொண்டு', 'அயராத உழைப்பு' போன்ற தொடர்களை நீக்கிவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் இன்னும் நான்கு பேரிடம் பேச வேண்டும் என்று பொருள். 'எண்ணற்ற மாணவர்களை உருவாக்கினார்' என்பது யாருக்கும் பொருந்தும். 'சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் முப்பது விநாடியில் முதல் பத்து விநாடி எதுவும் பேசாமல் துண்டால் முகத்தைத் துடைத்துவிடுவார். மூச்சு சீரான பிறகு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்வார்' என்பது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். அதைக் கேட்டவுடன் அரங்கத்தில் இருக்கும் அவருடைய மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்ததும் ஆண்டுகள், இடங்கள், பெயர்கள் ஆகியவற்றை அவர் குடும்பத்தாரிடமோ அவரிடமோ காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். கேடயத்தில் பொறிக்கும் பெயரை அவர் கையெழுத்திடும் வடிவத்திலேயே, தலைப்பெழுத்து உட்பட, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் பிழையாகப் பொறிக்கப்பட்ட கேடயம் வீட்டில் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

விழா நாள்

தனியாக விழா எடுப்பதைவிட, ஆண்டின் முக்கியப் போட்டியிலேயே விருதை வழங்குவது நல்லது. நேரம்தான் முக்கியம். பரிசளிப்பு முடிந்து அரங்கம் பாதி காலியான பிறகு வழங்குவதைத் தயவுசெய்து தவிருங்கள். இறுதிப் போட்டிகள் தொடங்கும் முன், எல்லா விரிப்புகளிலும் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களும் நடுவர்களும் எழுந்து நிற்க, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

இடத்தையும் முன்னதாகவே யோசித்து வையுங்கள். மூட்டு தேய்ந்தவரை உயரமான மேடையில் ஏற்றுவது அவருக்குத் தண்டனையாகிவிடும். விரிப்பின் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். விரிப்பின் மேலேயே நடத்துவதானால் விருந்தினர் அனைவரும் வெளிக் காலணிகளைக் கழற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் 'செருப்போடு விரிப்பில் ஏறாதே' என்று சொன்னவரின் கண்முன் தலைமை விருந்தினர் பூட்ஸுடன் ஏறக் கூடாது.

விருதை யார் கையால் கொடுப்பது? பயிற்சியாளருக்கு அவருடைய முதல் தொகுதி மாணவர்களில் ஒருவரும் இப்போதைய மாணவர்களில் இளையவரும் சேர்ந்து கொடுக்கலாம். நடுவருக்கு அவர் விசிலில் தோற்ற வீரர் ஒருவர் கொடுப்பதைப் போல் பொருத்தமானது எதுவும் இல்லை. முக்கியப் பிரமுகர் அருகில் நிற்கட்டும்.

முன்கூட்டிச் சொல்லாமல் திகைக்க வைப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. கூட்டத்தின் முன் நிற்கவே விரும்பாத நடுவர்கள் பலர் உண்டு; அவர்களிடம் சம்மதம் கேளுங்கள், பேசக் கட்டாயப்படுத்தாதீர்கள். வாழ்க்கைத் துணைக்கு அழைப்பும் முன்வரிசை இருக்கையும் கட்டாயம் இருக்க வேண்டும். அத்தனை வார இறுதிகளிலும் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவரின் பெயரும் பாராட்டுரையில் வர வேண்டும்.

நினைவுப் பரிசாகக் கேடயத்தோடு, அவர் முதன்முதலில் கையெழுத்திட்ட புள்ளித் தாளையோ பழைய அணிப் புகைப்படத்தையோ சட்டமிட்டுத் தரலாம். சங்கத்திடம் பணம் இருந்தால், அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓர் இளம் நடுவருக்குத் தகுதித் தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

விழாவுக்குப் பிறகு

பாராட்டுரை, புகைப்படங்கள், உறுதிசெய்த ஆண்டு விவரங்கள், உடன் பணியாற்றியவர்களின் கடிதங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, ஒரு பிரதியைக் குடும்பத்தாருக்கும் மற்றொன்றை மேல்நிலைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். மாநில, தேசிய விருதுகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும்போது இந்தக் கோப்பே பாதி வேலையை முடித்திருக்கும். கடைசி வாரத்தில் சான்றிதழ் தேடி அலைய வேண்டியிருக்காது. தேர்வாகாத பெயர்களின் கோப்புகளையும் மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் மேல் அட்டையிலும் அந்த நபரின் வயதைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்தில் மூத்தவரின் கோப்பை முதலில் எடுங்கள்.