பல நாயகர்கள் கூடும் காமிக்ஸ் வரிசைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பல சூப்பர் ஹீரோக்கள் ஒன்றாக வரும் காமிக்ஸ் வரிசை ஒன்றை எழுதத் தொடங்குபவர், முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்: இவர்களில் யார் தலைவர்? பெரும்பாலானோர், இருப்பவர்களிலேயே அதிக வலிமை உள்ளவரையோ அதிக ரசிகர்கள் உள்ளவரையோ அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பத்து இதழ்கள் கடந்த பிறகு, மற்ற நாயகர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்று கைதட்டும் கூட்டமாகிவிட்டதை அவர்களே கண்டு திகைக்கிறார்கள். அந்த நிலைக்குப் போகாமல் இத்தேர்வைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். இவ்வகைக் கதைகள் பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா என்பதால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, 'தலைமை' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இரண்டு பதவிகளைப் பிரிப்பது. அட்டையில் பெரிதாக நின்று இதழை விற்றுக்கொடுப்பவர் ஒருவர். கதைக்குள் 'நீ இந்தப் பக்கம் போ, நீ மக்களை வெளியேற்று' என்று ஆணையிடுபவர் இன்னொருவர். கருவறையை விட்டு நகராத மூலவர் வேறு, வீதியுலா வருகிற உற்சவர் வேறு என்ற ஏற்பாட்டில் வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. மார்வெல் நிறுவனம் 2008இல் அயர்ன் மேனைக் கொண்டு தன் திரைப்பட வரிசையைத் தொடங்கியபோது, ஸ்பைடர்மேனின் திரை உரிமை சோனியிடமும், எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஆகியவற்றின் உரிமை ஃபாக்ஸிடமும் இருந்தன. கையில் இருந்தவர்களை வைத்துத்தான் கடையைத் திறக்க வேண்டியிருந்தது. அயர்ன் மேன் அந்த வரிசைக்கே முகமானார். ஆனால் எல்லோரும் சேர்ந்து தோன்றிய 2012ஆம் ஆண்டு 'அவெஞ்சர்ஸ்' படத்தில், நியூயார்க் தெருவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பிரித்துக்கொடுப்பவர் கேப்டன் அமெரிக்கா. அயர்ன் மேனே அவரிடம்தான் உத்தரவு கேட்கிறார். முகத்தைத் தேர்ந்தெடுப்பது விற்பனையாளரின் கவலை, பல நேரங்களில் வழக்கறிஞரின் கவலை. கதாசிரியர் கவலைப்பட வேண்டியது இரண்டாவது பதவியைப் பற்றி.

அந்தப் பதவிக்கு மிக வலிமையானவரை வைக்கக் கூடாது என்பதை 1960ஆம் ஆண்டிலேயே டிசி நிறுவனத்தின் ஜஸ்டிஸ் லீக் காட்டிவிட்டது. ஏழு நாயகர்கள் சேர்ந்த அந்த முதல் கதையில் வில்லன், விண்வெளியிலிருந்து வந்த ஸ்டாரோ என்ற இராட்சத நட்சத்திர மீன். சூப்பர்மேன் விண்கற்களைத் தகர்த்துக்கொண்டிருக்கிறார், பேட்மேன் தன் ஊரில் குற்றவாளிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, இருவரையும் கதாசிரியர் கார்ட்னர் ஃபாக்ஸ் பெரும்பாலான பக்கங்களில் ஒதுக்கிவைத்துவிடுகிறார். காரணம் எளிது: சூப்பர்மேன் வந்து நின்றால் கதை மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். அவர் இல்லாததால்தான் மற்றவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊரே ஸ்டாரோவின் வசியத்தில் கட்டுண்டு கிடக்க, ஸ்னாப்பர் கார் என்ற பையன் மட்டும் ஒன்றும் ஆகாமல் சுற்றிவருகிறான். ஏன் என்று பார்த்தால், வீட்டுப் புல்தரைக்குப் போட்ட சுண்ணாம்பு அவன்மேல் ஒட்டியிருக்கிறது. கடைசியில் அந்தச் சுண்ணாம்பைக் கொண்டே நட்சத்திர மீனை அடக்குகிறார்கள். மலையைப் பெயர்ப்பவர் குழுவை நடத்தியிருந்தால் சுண்ணாம்பை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்து, நீங்கள் நினைத்திருக்கும் தலைவருக்குத் தனி இதழ் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா, அல்லது அப்படி ஒன்றைத் தொடங்கும் எண்ணம் உண்டா என்று பாருங்கள். இது வெறும் நிர்வாகக் கேள்வியாகத் தோன்றும். உண்மையில் கதையின் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி. தனி இதழில் கால் உடைந்து படுத்திருப்பவர், அதே மாதம் குழு இதழில் ஓடிக்கொண்டிருக்க முடியாது. 1940இல் தொடங்கிய ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் குழு இதற்கு ஒரு விதியே வைத்திருந்தது: சொந்தப் பெயரில் தனி இதழ் பெற்றவர் கௌரவ உறுப்பினராகி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஃப்ளாஷும் கிரீன் லாண்டர்னும் அப்படித்தான் விலகினார்கள். தன் பெயரில் தனி இதழ் இல்லாத ஹாக்மேன் நீண்ட காலம் தலைவராக இருந்தார்.

இந்த விதிக்கு உள்ளே இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது; பல வரிசைகளைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு நான் வந்து நின்ற முடிவும் அதுதான். குழுவை விட்டால் போக வேறு வீடு இல்லாதவரையே தலைவராக்குங்கள். மார்வெல் காமிக்ஸின் அவெஞ்சர்ஸ் குழு 1963இல் அயர்ன் மேன், தோர், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப் ஆகிய ஐவரோடு தொடங்கியது. ஹல்க் இரண்டாவது இதழிலேயே கோபித்துக்கொண்டு வெளியேறினார். தோருக்கு ஆஸ்கார்டு என்ற தேவலோகமும் அயர்ன் மேனுக்குத் தொழிற்சாலையும் காத்திருந்தன. நான்காவது இதழில் பனிக்கட்டிக்குள் உறைந்த நிலையில் கேப்டன் அமெரிக்கா கிடைக்கிறார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மூடிய கண்ணை அவர் 1964இல் திறக்கிறார். உடன் போரிட்ட பக்கி இல்லை, அவர் அறிந்த உலகம் இல்லை, போய்ச் சேர ஒரு முகவரி இல்லை. அவருக்கு அவெஞ்சர்ஸ் மாளிகைதான் வீடு.

1965இல் வெளிவந்த பதினாறாவது இதழில் பழையவர்கள் எல்லோரும் ஓய்வு கேட்டுப் புறப்படுகிறார்கள். வெளியூர் வேலையாகப் போய்த் திரும்பும் கேப்டனின் கையில் புதிய குழு ஒன்று ஒப்படைக்கப்படுகிறது: வேடிக்கைக் காட்சிக் கூடாரத்தில் அம்பு விட்டுப் பிழைத்த ஹாக்ஐ, எக்ஸ்-மென்னின் எதிரியான மேக்னெட்டோவின் கும்பலில் இருந்த அண்ணன் தங்கையான குவிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்ச்சும். மூவரும் முன்னாள் வில்லன்கள். ஹாக்ஐக்கு வாய் அடங்காது. குவிக்சில்வருக்குக் கோபம் காலைவிட வேகமாக ஓடும். எந்தப் பேராற்றலும் இல்லாமல், கேடயம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களைக் கட்டி மேய்க்க வேண்டியவர் கேப்டன். 'உன்னைவிட நான் நன்றாக நடத்துவேன்' என்று ஹாக்ஐ ஒவ்வொரு இதழிலும் சீண்டுவதும், கேப்டன் பதில் சொல்லியாக வேண்டியிருப்பதும்தான் அந்தக் காலத்து அவெஞ்சர்ஸை இன்றும் படிக்கவைக்கின்றன. தோர் தலைவராக இருந்திருந்தால் சுத்தியலைத் தூக்கிக் காட்டியதுமே அந்தப் பேச்சு முடிந்திருக்கும்.

மார்வெலின் இன்னொரு குழுவான எக்ஸ்-மென் கதையில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். சைக்ளாப்ஸ் அனாதையாக வளர்ந்து, அந்தக் குழுவை உருவாக்கிய பேராசிரியர் சேவியரின் பள்ளியைத் தன் குடும்பமாகக் கொண்டவர். அதனாலேயே முதல் இதழ் முதல் தலைமை அவரிடம் இருந்தது. 1986ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் அவருக்கும் அதே குழுவின் ஸ்டார்முக்கும் தலைமைக்காக மோதல் நடக்கிறது. அப்போது சைக்ளாப்ஸுக்கு மனைவியும் பிறந்து சில நாளேயான குழந்தையும் இருக்கிறார்கள். ஸ்டார்மோ மழையையும் மின்னலையும் ஆண்ட தன் ஆற்றல் முழுவதையும் இழந்து நிற்கிறார். வெல்பவர் ஸ்டார்ம். ஆற்றல் இல்லாதவர் வென்றது பலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது. ஒருவருக்கு வீட்டில் தொட்டில் ஆடுகிறது, மற்றவருக்கு எக்ஸ்-மென்னைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

இந்த அளவுகோலுக்கு விலக்குகள் உண்டு. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் குழுவே குடும்பம் என்பதால் அதன் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸைப் பற்றி இந்தக் கேள்வியே எழாது. 1980களில் அவெஞ்சர்ஸுக்குத் தலைமை ஏற்ற வாஸ்ப் வசதியான வீட்டுப் பெண். ஆனால் அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவரே அவர், ஆற்றலிலோ சிறியவர், ஆட்களைப் படிப்பதில் தேர்ந்தவர். டிசியில், ஜஸ்டிஸ் லீக்கின் எழுவரில் ஒருவரான மார்ஷியன் மேன்ஹன்டரை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது என் நீண்ட நாள் மனத்தாங்கல். சொந்தக் கிரகத்தையே இழந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி எது?

உங்கள் நாயகர்களைக் கொண்டு இதைச் சோதிக்க ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் போதும். ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஓர் அணையின் சுவரில் விரிசல் ஓடுகிறது. இரண்டாவதில் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்: பறக்கும் பெண், பாறையைப் பொடியாக்கும் இளைஞன், மனத்தைப் படிக்கும் பெரியவர், எந்தச் சக்தியும் இல்லாத அணைப் பொறியாளர். மூன்றாவது கட்டத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் பத்துச் சொற்களுக்குள். மற்ற மூன்று கட்டங்களில் ஏனையோர் செயலில் இறங்க வேண்டும். இப்போது அந்த வசன பலூனை ஒவ்வொருவர் வாய்க்கும் மாற்றிப் பாருங்கள். பறக்கும் பெண்ணிடம் கொடுத்தால், பேசி முடிப்பதற்குள் அவரே பறந்து போயிருப்பார், மற்றவர்களுக்கு வேலை இருக்காது. இளைஞனிடம் கொடுத்தால், 'நீ சொல்லி நான் ஏன் கேட்க வேண்டும்' என்று பெரியவருக்கு இன்னொரு பலூன் தேவைப்படும். பொறியாளர், 'தம்பி, கீழ்மதகை உடை. அம்மா, நீங்கள் ஊரை எழுப்புங்கள்' என்றால் மூன்று கட்டங்களும் தாமாக நிரம்பும். ஆனால் அணைக்குக் கீழே உள்ள அந்த ஊரில் பொறியாளரின் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தால், மூன்றாவது கட்டத்தில் அவர் பேசமாட்டார், ஓடுவார். தலைவரை முடிவுசெய்யும் முன் அவருடைய வீட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யச் சொல்வது இதனால்தான்.

வாசகர்களிடமே விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வரும். டிசியின் லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் வரிசையில் தலைவரை வாசகர் வாக்கெடுப்பால் தேர்ந்தெடுத்த காலங்கள் உண்டு. உறுப்பினர்கள் இருபதைத் தாண்டிய குழுவுக்கு அது பொருந்தும். ஐந்து பேர் குழுவில் வாக்கு எப்போதும் அட்டைப்பட முகத்துக்கே போய்ச் சேரும்.

தலைமை கைமாறும் வழியையும் இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மார்வெலின் திரை வரிசையில் 2019இல் முகமான அயர்ன் மேனும் ஆணையிடும் குரலான கேப்டன் அமெரிக்காவும் ஒரே படத்தில் விடைபெற்றார்கள். அடுத்த ஆண்டு பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மேனும் காலமானார். ஏட்டில் எழுதுபவருக்கு நடிகர் பற்றிய கவலை இல்லை. இருந்தாலும் ஓவியர் மாறுவார், உரிமை கைமாறும், ஒரு பாத்திரம் எழுதி எழுதியே வற்றிப்போகும். ஆகவே ஹாக்ஐயைப் போல முதல் நாளிலிருந்தே தலைவரை எதிர்த்துப் பேசும் ஒருவரைக் குழுவில் வைத்திருங்கள். நாற்காலி காலியாகும் நாளில், அதற்கு ஏன் ஆசைப்பட்டோம் என்று வருந்தப்போகும் ஆள் தயாராக இருப்பார்.

முதல் இதழில் தலைவரை அறிவிக்க வேண்டாம். மூன்று இதழ்கள் வரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கட்டும், ஒருவர் ஹல்க்கைப் போல வெளியேறவும் செய்யட்டும். கேப்டன் நான்காவது இதழில்தான் வந்தார், பதினாறாவதில்தான் குழு அவர் கைக்குப் போனது. அதுவரை கூட்டம் நடக்கும் மேசையின் தலைமாட்டு நாற்காலியை ஓவியரிடம் சொல்லி ஒவ்வொரு முறையும் காலியாகவே வரையச் செய்யுங்கள்.