வெள்ளைப் பாவாடையைக் கடைசியில் தொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஐந்து பேருக்கும் ஒரே கலரிங் படத்தைக் கொடுத்தேன். பழைய பாரிஸ் தெரு, அந்தி நேரம், ஓர் எரிவாயு விளக்குக் கம்பம், அதில் லேசாகச் சாய்ந்து நுனிக்காலில் நிற்கும் பாலே நடனக்காரி. ஐந்து பேரும் முதலில் எடுத்தது ரோஸ் பென்சிலை. பல வருடம் முன்பு நானும் அதைத்தான் எடுத்தேன்.

கோட்டைத் தாண்டாதீர்கள், பென்சிலைச் சீவி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். இந்தப் படத்தில் அடிக்கடி பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்கு ஒரு கலர்

பச்சை வீடு, நீல வீடு, ஆரஞ்சு வீடு என்று அடித்துத் தள்ளுகிறார்கள். 1853க்குப் பிறகு ஓஸ்மான் என்ற அரசு அதிகாரி இடித்துக் கட்டிய பாரிஸ் அப்படி இருக்காது. தெரு முழுக்க வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல், மேலே சாம்பல் நிறத் துத்தநாகக் கூரை, அவ்வளவுதான். அழகே அந்த அடக்கத்தில்தான். கலர் வேண்டுமென்றால் கடைப் பந்தலில் காட்டுங்கள்.

பெண் முதலில், தெரு அப்புறம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காரணம், என் பழைய கலரிங் புத்தகத்தில் இருக்கும் ஒரு பக்கம்.

நான்கு மாலை உட்கார்ந்து முகம், கொண்டை, இடுப்பு நாடா, பாவாடை மடிப்பு என்று ஒவ்வொன்றாக முடித்தேன். ஐந்தாம் நாள் வானத்துக்குக் கருநீலம். மெழுகுப் பென்சிலை அழுத்தி அடித்தால் பொடி உதிரும். அது சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தால் பாவாடைக்குக் குறுக்கே நீலத் தீற்றல். ஊதினேன், துடைத்தேன், ரப்பர் போட்டேன். தேய்க்கத் தேய்க்க நீலம் தாளுக்குள் இறங்கியதுதான் மிச்சம்.

பொடியையாவது மன்னிக்கலாம், கைக்கு அடியில் ஒரு தாளை வைத்தால் தீர்ந்தது. பெரிய நஷ்டம் வேறு. கெண்டைக்கால் வரை மணி போல் இறங்கும் இந்தப் பாவாடை, 1832இல் பாரிஸ் ஓப்பராவில் மாரி தாக்லியோனி அணிந்து ஆடியதிலிருந்து பேர்பெற்றது. மெல்லிய துணியை அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். ஓரத்தில் ஓர் அடுக்குதான் இருக்கும், பின்னால் உள்ள தெரு அதன் வழியே தெரியும். இடுப்பை நெருங்க நெருங்க வெண்மை கூடும். வானத்தைப் பார்த்த பக்கம் வெளிர் ஊதா, விளக்கைப் பார்த்த பக்கம் இளமஞ்சள். ஆகமொத்தம், அந்தத் துணியின் நிறத்தைத் தெருதான் கொடுக்கிறது. தெருவே இல்லாத தாளில் அதை எப்படித் தீர்மானிப்பது? நான் தீர்மானித்தேன், இளரோஸ் என்று. அந்தப் பெண் இன்னும் அந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறாள்.

சரி, எப்படிச் செய்வது? மேலிருந்து கீழே வாருங்கள். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வானம், கூரை, சுவர். பாவாடைக்குப் பின்னால் வரும் சுவரை மட்டும் இன்னும் இரண்டு சுற்று அடித்துக் கருக்குங்கள். சுவர் கருக்கும்போதே பாவாடை தானாக வெளுக்கும், ஒரு கோடு போட வேண்டியதில்லை. அந்தச் சுவர்க் கலரையே அழுத்தாமல் பாவாடை ஓரத்துக்குள் அரை சென்டிமீட்டர் இழுத்து விடுங்கள். மடிப்புக்கு ஊதா கடைசியில்.

கறுப்பு நிழல்

வெள்ளைத் துணியில் கறுப்புப் பென்சிலா? அழுக்குத் துணிதான் கிடைக்கும்.

ஷூ

மிட்டாய் ரோஸ் வேண்டாம், பீச் நிறம் போதும். சாட்டின் மினுக்கத்துக்கு ஒரு மெல்லிய கீற்றை அடிக்காமல் விடுங்கள். கல் பாவிய தெருவில் சாட்டின் ஷூ எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்காதீர்கள்.

விளக்கு

எரிவாயுச் சுடரும் இந்தப் பாவாடையும் ஆகாத ஜோடி. எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடை 1862இல் ஒத்திகையின்போது மேடை விளக்கில் பற்றிக்கொண்டது, அடுத்த ஆண்டு இறந்துபோனார். இந்தப் படத்தை வரைந்தவர் கம்பத்தில் அல்லவா சாய்த்து நிறுத்தியிருக்கிறார்!

சுடரின் நடுவே எதுவும் அடிக்காதீர்கள். வெறும் தாள். மஞ்சள் அதைச் சுற்றித்தான்.