தேதி கேட்கும் டிரீம்காஸ்ட்: செகாவின் கடைசி செட்டை மறுபடி ஓடவைக்கும் முறை

பல வருடம் பரணில் கிடந்த டிரீம்காஸ்ட் வீடியோ கேம் கன்சோலை எடுத்துத் துடைத்து பவர் பட்டனை அமுக்கினால், பெரும்பாலும் அது முதலில் தேதியைத்தான் கேட்கும். திரையில் 1998 நவம்பர் 27, மணி பூஜ்ஜியம் என்று நிற்கும். ஜப்பானில் இந்த செட் விற்பனைக்கு வந்த நாள் அது. உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்ததும், செட் தன் பிறந்தநாளுக்கே திரும்பிப் போய்விடுகிறது.

செகாவின் பழைய கன்சோலான மெகா டிரைவில் தொடங்கி, அதற்குப் பின் வந்த சாட்டர்னில் பிடிவாதமாக நின்று, டிரீம்காஸ்ட் வரை செகாவை விட்டு நகராமல் வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக 2001 ஜனவரி 31 அன்று செகா அறிவித்தது. மெகா டிரைவ் போன்ற பழையவற்றைக் குட்டியாக்கி விற்றதைத் தவிர, அதன்பின் புதிய கன்சோல் எதையும் இறக்கவில்லை. ஆகவே இந்த செட்டைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அதை வைத்திருப்பவர்கள்தான். நல்லவேளையாக, வழக்கமாக வரும் கோளாறுகள் எல்லாம் சின்னவை, செலவும் குறைவு. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தப்பக் கூடாது. 'டிரைவ் போய்விட்டது' என்று நினைத்து டிரைவை மாற்றிய பல செட்டுகளில் உண்மையான குறை பவர் சப்ளையின் ஊசிகளில்தான் இருந்திருக்கும். பவர், பேட்டரி, கன்ட்ரோலர் போர்டு, கடைசியாக டிரைவ். இந்த வரிசையில் போங்கள்.

பிளக்கைச் செருகுவதற்கு முன்

செட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஜப்பான் செட்டுக்கு 100 வோல்ட், அமெரிக்க செட்டுக்கு 120, ஐரோப்பிய செட்டுக்கு 220 முதல் 240 வரை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 230 வோல்ட் பக்கம். ஜப்பான் செட்டையோ அமெரிக்க செட்டையோ நேரடியாகச் செருகினால் பியூஸ் போகும், அல்லது பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் வெடிக்கும். கடையில் கிடைக்கும் பிளக் அடாப்டர் ஊசியின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இதில் ஏமாறுபவர்கள் அதிகம். செட் இழுக்கும் மின்சாரம் சுமார் 22 வாட்தான் என்பதால் 100 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தாராளமாகப் போதும். ஏற்கெனவே 230-ல் செருகி செட் அணைந்து போயிருந்தால், பியூஸை மட்டும் மாற்றி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். பவர் போர்டையே மாற்றுவதுதான் பத்திரம்.

லேபிள் கிழிந்து போன செட் என்றால் ஆன் செய்தபின் திரையில் வரும் சுழி வடிவச் சின்னத்தின் நிறம் ஒரு குறிப்பு தரும்: ஜப்பான், அமெரிக்க செட்டில் ஆரஞ்சு, ஐரோப்பிய செட்டில் நீலம். ஆனால் அதைப் பார்ப்பதற்காக 230-ல் செருகிவிடாதீர்கள்.

திறப்பது

தேவையான சாமான்கள்: நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், பென்சில் ரப்பர், மல்டிமீட்டர். பேட்டரி மாற்றுவதாக இருந்தால் சால்டரிங் அயர்னும் ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னலும் வேண்டும். கைக்குப் போடும் சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் சேர்ந்திருக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் சுற்றினால் இவை அனைத்தும் கிடைத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில், பிளக் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். திறந்த பிறகும் அந்தப் பக்கம் விரல் வைக்க வேண்டாம்.

அடியில் நான்கு ஸ்க்ரூ. மூன்று கண்ணுக்குத் தெரியும். நான்காவது, பக்கவாட்டில் இருக்கும் மோடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மோடத்தை முதலில் கழற்றாமல் மூடியை இழுத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். மூடி வந்ததும் உள்ளே பவர் போர்டு, டிரைவ், முன்பக்கத்தில் நான்கு கன்ட்ரோலர் துளைகளைத் தாங்கும் சிறு போர்டு, விசிறி எல்லாம் தெரியும். எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு, அதன் மேலேயே ஸ்க்ரூக்களை வையுங்கள்.

ஆட்டத்தின் நடுவே தானாக ரீசெட் ஆவது

டிரீம்காஸ்டுக்கு வருகிற நோய்களில் முதன்மையானது இது. இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு சட்டென்று சுழிக்கோ மெனுவுக்கோ போய்விடும். பார்ப்பவருக்கு டிஸ்க்கைப் படிக்க முடியாமல் திணறுவது போலத் தோன்றும். காரணம் வேறு.

பவர் போர்டு ஒயர் எதுவும் இல்லாமல் மதர்போர்டின் மேல் நேராக உட்காருகிறது. மதர்போர்டிலிருந்து ஆறு ஊசிகள் நிமிர்ந்து நிற்கும், பவர் போர்டின் சாக்கெட் அவற்றின் மேல் இறங்கும். 3.3, 5, 12 வோல்ட்டுகளும் எர்த்தும் இந்த ஆறின் வழியாகத்தான் போகின்றன. இருபத்தைந்து வருடத்தில் ஊசிகள் மங்கி, சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிடும். அந்த இடத்தில் தடை கூடுகிறது, சூடு ஏறுகிறது, சூடேறத் தடை இன்னும் கூடுகிறது. 3.3 வோல்ட் லைன் கொஞ்சம் தாழ்ந்தாலே சில்லுகள் தாங்காது, செட் ரீசெட் ஆகும்.

சரிசெய்ய, பவர் போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டை நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஊசி வளையும். இப்போது ஊசிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ஊசி மினுங்கும், கெட்ட ஊசியில் சாம்பல் நிறப் படலமும், சாக்கெட் கவ்விய உயரத்தில் கறுத்த கோடும் தெரியும். பென்சில் ரப்பரை மெல்லிய துண்டாக வெட்டி ஒவ்வொரு ஊசியையும் நான்கு பக்கமும் தேயுங்கள். ரப்பர் தூளை ஊதிவிட்டு ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள், பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை. உப்புத்தாள் வேண்டாம். மேல்பூச்சைச் சுரண்டிவிட்டால் அடுத்த வருடமே மறுபடி மங்கும்.

சாக்கெட்டையும் ஆல்கஹாலால் கழுவுங்கள். பிறகு ஆறு ஊசிகளையும் ஒரே திசையில் மயிரிழை அளவு சாயுங்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு. தளர்ந்த சாக்கெட் அப்போது ஊசியை அழுத்திப் பிடிக்கும். அதற்கு மேல் சாய்த்தால் போர்டு உட்காராது, ஊசி முறிந்தால் பெரிய வேலை. இவ்வளவும் செய்த பிறகும் ரீசெட் ஆனால், ஊசிகளின் அடியில் உள்ள பற்றுவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து மறுபடி உருக்கினால் தீரும்.

இன்னொரு சாத்தியம் மூடி சுவிட்ச். டிரைவ் மூடி திறந்துவிட்டதாக செட் நினைத்தாலும் ஆட்டம் நின்று மெனு வரும். ஓடும்போது மூடியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் சரியாக ஓடினால் குறை அங்கேதான். ஏ, பி, எக்ஸ், ஒய் நான்கோடு ஸ்டார்ட்டையும் சேர்த்து அமுக்கினாலும் ஆட்டம் ரீசெட் ஆகும், அது குறையல்ல, செகாவே வைத்த வசதி.

கடிகார பேட்டரி

இது இருப்பது மதர்போர்டில் அல்ல, முன்பக்கக் கன்ட்ரோலர் போர்டில். தகடு வைத்துப் பற்றவைத்த எம்எல்2032 வகை பேட்டரி. பார்க்க சாதாரண சிஆர்2032 போலவே இருக்கும், அளவும் அதே. ஆனால் எம்எல் ரீசார்ஜ் ஆகக்கூடியது, சிஆர் ஆகாது. செட் ஓடும் நேரமெல்லாம் பேட்டரிக்கு சார்ஜ் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் சிஆர்2032-ஐ வைத்தால், சார்ஜ் ஏறக்கூடாத லித்தியத்துக்குள் மின்சாரம் திணிக்கப்படுகிறது. நாளடைவில் அது உப்பும், ஒழுகும், போர்டின் தடங்களை அரிக்கும். 'வைத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது' என்று பலர் சொல்வது முதல் சில மாதங்களைப் பற்றித்தான். சிஆர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் சார்ஜ் உள்ளே போகாதபடி ஒரு டையோடைத் தொடரில் சேர்க்க வேண்டும். அதற்குப் பதில் எம்எல்2032-ஐத் தேடி வாங்குவதே நல்லது.

பழைய பேட்டரியைக் கழற்றும்போது அயர்னை பேட்டரியின் உடம்பில் வைக்கக் கூடாது, வெடிக்கும். போர்டின் அடிப்பக்கம் தகட்டுக் கால்களை மட்டும் சூடாக்கி, செப்புப் பின்னலால் ஈயத்தை உறிஞ்சி, கால்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். மூன்று நான்கு விநாடிக்கு மேல் ஒரே இடத்தில் சூடு காட்டினால் போர்டின் செப்புத் தடம் உரிந்துவிடும். காலி இடத்தில் பேட்டரியை நேராகப் பற்றவைக்காமல் 2032 அளவு ஹோல்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். அடுத்த முறை அயர்னே வேண்டியிருக்காது. கூட்டல் பக்கம் எது என்பதைப் பழையதைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு துளையும் வேலை செய்யாவிட்டால்

ஒரு துளை மட்டும் போனால் அந்தத் துளையின் அழுக்கு, அல்லது கன்ட்ரோலரின் ஒயர். நான்கும் ஒரே நேரத்தில் போனால் அதே முன் போர்டில் எஃப்1 என்று அச்சிட்டிருக்கும் பியூஸ். பார்க்க ரெசிஸ்டர் போலவே இருப்பதால் தேடுபவர் கண்ணுக்குத் தப்பிவிடும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரு முனையிலும் தொடுங்கள், சத்தம் வராவிட்டால் போய்விட்டது. தேதி கேட்கும் திரையில் நின்றுகொண்டு எந்தப் பட்டனும் எடுபடாத செட்டுகளின் கதை இதுதான். செட் ஓடும்போது கன்ட்ரோலரைப் பிடுங்கிச் செருகுவதும், ஒயர் நசுங்கிய கன்ட்ரோலரும் இதை எரிக்கும். அதனால் புது பியூஸ் போடும் முன் கன்ட்ரோலர் ஒயரைச் சோதியுங்கள். தானே மீளும் பியூஸ் போடலாம். வெறும் கம்பியால் இணைத்துவிடாதீர்கள், அடுத்த ஷார்ட்டில் போர்டே போகும்.

கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அனலாக் குச்சியிலும் இரண்டு டிரிகர்களிலும் காந்தமும், அதைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரும் வைத்தது செகா. உரசித் தேயும் பாகம் அங்கே இல்லை. இன்றைய விலையுயர்ந்த கன்ட்ரோலர்களின் குச்சிகள் ஓரிரு வருடத்தில் தானாக நகரத் தொடங்கும்போது, 1998-ல் செய்த இந்தக் குச்சி நடுவில் அப்படியே நிற்கிறது.

டிரைவ்

படிக்கும்போது கரகரவென்று சத்தம் போடுவது டிரீம்காஸ்டின் இயல்பு. அதை வைத்து டிரைவ் கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் கீறலில்லாத வேறொரு டிஸ்க்கைப் போடுங்கள். டிரீம்காஸ்ட் ஆட்டங்கள் வரும் ஜிடி-ராம் டிஸ்க்கின் அடியைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு வட்டங்கள் தெரியும்: உள்ளே சாதாரண சிடி அடர்த்தியில் ஒரு சிறு வட்டம், வெளியே நெருக்கமாகப் பதிந்த பெரிய வட்டம். ஆட்டம் இருப்பது வெளிவட்டத்தில். ஆகவே வெளியோரக் கீறல்தான் தொல்லை. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

டிஸ்க் சரி என்றால், பஞ்சில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு லென்ஸை அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் நகரும் தண்டில் பழைய கிரீஸ் இறுகியிருந்தால் அதைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் மிளகு அளவு வையுங்கள். லேசரின் பொடென்ஷியோமீட்டரை, அதாவது தடையைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகை, திருகுவது கடைசி வழி. திருகும் முன் எத்தனை ஓம் என்று அளந்து எழுதி வையுங்கள். தடையைக் குறைத்தால் லேசருக்கு மின்சாரம் கூடும், டிஸ்க்கும் படிக்கும், லேசரின் ஆயுளும் அதே அளவுக்குக் குறையும்.

லேசர் முழுவதும் போயிருந்தால் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டில் ஓடும் போர்டு வைக்கலாம். வாங்கும் முன் செட்டின் அடி லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெரும்பாலான போர்டுகள் பொருந்தும், 0 அல்லது 2 என்றால் விசாரித்துவிட்டு வாங்குங்கள். கழற்றிய டிரைவைத் தூக்கி எறியாதீர்கள்.

செட்டை ஆன் செய்ததும் விஎம்யூ (கன்ட்ரோலரில் செருகும், சிறு திரை கொண்ட மெமரி கார்டு) நீளமாகக் கத்தினால் அதன் பேட்டரி தீர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு சிஆர்2032 போட வேண்டும், இங்கே சிஆர்தான் சரி. சேமித்த ஆட்டங்கள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி மாற்றினாலும் அழியாது. படத்துக்கு விஜிஏ கேபிள் வாங்குங்கள். 640-க்கு 480 புள்ளிகளில் படம் வரி பிசகாமல் வரும். சில ஆட்டங்கள் மட்டும் விஜிஏவை ஏற்காது, அவற்றுக்குப் பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிளையும் கையில் வைத்திருங்கள்.

எல்லாம் பூட்டிய பின் ஒரே ஆட்டத்தை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஊசிகளின் குறை சூடேறிய பிறகுதான் தலைகாட்டும், பத்து நிமிடச் சோதனையில் அகப்படாது. பிறகு இன்றைய தேதியைக் கொடுத்து, டிஸ்க் இல்லாமல் மெனுவிலேயே ஓர் இரவு விடுங்கள், புது எம்எல் பேட்டரிக்கு அந்த அளவு சார்ஜ் தேவை. காலையில் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள். மூன்றாம் நாள் ஆன் செய்யும்போது சுழி வந்து, தேதி எதையும் கேட்காமல் செட் நேராக மெனுவுக்குப் போக வேண்டும்.