ஆடி, ஆவணியில் ஊருக்குப் போய்க் கடலோரம் வீடு எடுப்பவர்களுக்கு

போன ஓகஸ்டில் இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளியில் ஒரு வீட்டைப் பத்து இரவுக்கு எடுத்தோம். நான்கு இரவுதான் இருந்தோம். மீதி ஆறு இரவுக்குக் கட்டிய காசு திரும்பி வரவில்லை. வீட்டுக்காரரில் எனக்குக் கோபம் இல்லை, பிழை எங்களுடையது. இந்த வருடம் போக இருப்பவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் காற்று. ஊரில் பிறந்த எங்களுக்கே இது மறந்துபோயிருந்தது. கனடாவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத யூலை, ஓகஸ்ட் ஊரில் சோழகக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். படங்களில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பக்கம் வீடு எடுக்க வேண்டாம். மன்னாரும் அப்படித்தான். அங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே காற்றின் வேகம் விளங்கும். கிழக்குக் கரையில் அதே காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது, அலை அடங்கிக் கிடக்கும். ஆகவே கோடை விடுமுறைக்கு உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடாதான். மார்கழியில் போகிறவர்களுக்கு எல்லாம் மறுதலை. அப்போது வாடைக்காற்றும் மழையும் கிழக்கில், அமைதி தெற்கிலும் மேற்கிலும்.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்களுக்கும் கரைகள் உண்டு. காரைநகர் கசூரினா ஆழம் குறைந்த கடல், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் தெரியாது. ஆனால் சனி, ஞாயிறில் ஊர்ச்சனம் முழுக்க அங்கேதான். கிழமை நாளில் பொன்னாலைப் பாலத்தால் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், தங்க வேண்டாம். வேலணைச் சாட்டியும் அதே கதை. கீரிமலையில் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் இருக்கிறவர்கள் கூடுவார்கள். அதற்காகப் போகிறீர்கள் என்றால் சரி, அமைதிக்காக அல்ல. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வாடகை வானும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. மணற்காட்டில் சவுக்கங்காடும் மணல்மேடுகளும் மணலுக்குள் புதைந்த பழைய தேவாலயமும் இருக்கின்றன. மனதுக்கு மிக நெருக்கமான இடம். ஆனால் சோழகம் அடிக்கும் மதியத்தில் சோற்றுக்குள்ளும் மணல்தான்.

பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம், ஆனால் கரையில் இருப்பவை பெரும்பாலும் பெரிய ஹொட்டேல்கள். சமைத்துச் சாப்பிட்டுத் தனியே இருக்க வீடு தேடுகிறவர்களுக்கு அது சரிவராது. மட்டக்களப்புக் கல்லடியில் வீடு கிடைக்கும், ஆனால் மேற்கிலிருந்து சூடாக வரும் கச்சான் காற்று அடிக்கிற மதியங்களில் பிள்ளைகள் துவண்டுபோவார்கள்.

அதனால் நிலாவெளியைத் தெரிவு செய்தோம். திருகோணமலை நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவு. இடையில் வரும் உப்புவெளியில் கடையும் சாப்பாடும் கிட்ட, சத்தமும் கிட்ட. நிலாவெளியில் கரை நீளம், ஆள் குறைவு. புறாத்தீவுக்குப் படகு அங்கிருந்து போகிறது. அது தேசிய பூங்கா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், தமிழ் பேசினாலும் வெளிநாட்டாருக்கான கட்டணம்தான். படகுக்காரரோடு அதற்காக வாதாடாதீர்கள், அவர் வைத்த கட்டணம் இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குளிக்கிற தண்ணீர் உவரா நன்னீரா. கடலுக்குக் கிட்டக் கிட்டக் கிணறு உவர்க்கும், சவர்க்காரம் நுரைக்காது. மற்றது, வீட்டுக்கு முன்னால் உள்ள கரையில் கரைவலை இழுக்கிறார்களா என்பது. கடல் அடங்கிய இந்த மாதங்கள்தான் அவர்களுக்கும் உழைக்கிற காலம். வேறு ஊர்களிலிருந்து வந்து கரையில் வாடி என்கிற கொட்டில் போட்டுத் தங்கியிருப்பார்கள், விடியப்புறம் உழவு இயந்திரத்தால் வலையை இழுப்பார்கள். கரை அவர்களுடையது. நாங்கள் பத்து நாள் விருந்தாளிகள்.

இதையெல்லாம் நான் கேட்டேன். கேட்காமல் விட்டது மாமியிடம்.

மாமி அப்பாவின் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில், நெல்லியடியில் இருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கதைப்பேன். வருகிறோம் என்று சொன்னேன், நிலாவெளியில் வீடு எடுத்ததைச் சொல்லவில்லை. நேரில் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். முதல் இரண்டு இரவு அவருடன், பிறகு கடற்கரை என்பது எங்கள் கணக்கு.

போய் இறங்கியதும் மாமி என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது குளியலறையை. புதுக் கொமட். சுவருக்குப் பாதி உயரம் வரை வெள்ளை மாபிள். "வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் குந்த ஏலாது எண்டு மேசனைப் பிடிச்சுச் செய்வித்தனான்" என்றார். சீட்டு எடுத்த காசு. அறைக்குள் புது நுளம்பு வலை, மச்சாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தை. அந்த நேரத்தில்தான் நான் நிலாவெளிக் கதையை எடுத்தேன்.

"வீடு கிடக்க வாடகைக்கு வீடோ? நான் செத்துப்போயிட்டனோ பிள்ளை?"

அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாளும் எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். மச்சாள் வந்து கதைத்தாள், பக்கத்து வீட்டு அக்கா வந்து கதைத்தார். கட்டிய காசைக் கழித்துவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் பிடிவாதம். பன்னிரண்டு வருடம் இரண்டு வேலை பார்த்து, முதல் தடவையாக எனக்கென்று எடுத்த பத்து நாள் அது. அந்த நினைப்பை இப்போதும் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் மாமி இறங்கிவந்தார். "சரி, அப்ப நானும் வாறன்."

எனக்குச் சந்தோசம். இடியப்ப உரல், மிளகாய்த்தூள், ஒடியல் மா, ஒரு கட்டு முருங்கைக்காய் எல்லாம் வானில் ஏறின. வவுனியா சுற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டம்.

வீடு விளம்பரத்தில் சொன்னபடியே இருந்தது. பின்கதவைத் திறந்தால் மணல், 50 மீற்றரில் தண்ணீர், கடல் பக்கம் முழுவதும் கண்ணாடி. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். மாமி அந்தப் பக்கம் வரவில்லை. முன்விறாந்தையில், தெருவைப் பார்த்தபடி, கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

இரவு அறையில் படுக்க மாட்டேன் என்றார். முன்கதவுக்குக் கிட்ட நிலத்தில் பாய். தலைமாட்டில் செருப்பும் ஒரு பொலித்தீன் பையும், பைக்குள் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும். இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தேன், சுவரோடு சாய்ந்து இருந்தார். "படுங்கோ மாமி." "நீ போய்ப் படு. நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

மாமி கலியாணம் செய்து போனது வடமராட்சி கிழக்கில் கடற்கரை ஊரான உடுத்துறைக்கு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அங்கே அவர் வீடும் வள்ளமும் போயின. மாமியாரும் போனார். இது எனக்குத் தெரியாத கதை இல்லை. அன்று நான் ஸ்கார்பரோவில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை, கிடைத்ததும் அழுதேன், காசு அனுப்பினேன். நெல்லியடி வீட்டுக்குக் கூரை போட்டதில் என் காசும் இருக்கிறது. அதோடு என் பங்கு முடிந்தது என்று எங்கோ மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன் போல. இருபது வருடமாக அவர் கடற்கரைக்கே போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. எங்களைக் கடலோரம் தனியே விட மனமில்லாமல்தான் மாமி அந்த வானில் ஏறினார்.

ஐந்தாம் நாள் விடிய, வீட்டுக்கு முன்னால் கரைவலை இழுக்க வந்தார்கள். உழவு இயந்திரம் உறுமியது, ஆட்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். நான் எழும்பி வர முன்கதவு திறந்து கிடந்தது. மாமி என் சின்னவனை நித்திரையோடு தூக்கிக்கொண்டு தெருவில் பாதித் தூரம் போய்விட்டார், வெறுங்காலோடு. செருப்பு தலைமாட்டிலேயே கிடந்தது. 67 வயது. அவனுக்கு ஏழு வயது, என்னாலேயே தூக்க முடியாத பாரம்.

அன்று மதியம் சாமான்களைக் கட்டினோம்.

ஆகவே வீட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன் உறவுகளிடம் சொல்லுங்கள், போய் இறங்கிய பிறகு அல்ல. எத்தனை நாள் அவர்களோடு, எத்தனை நாள் தனியே என்று தொலைபேசியிலேயே பேசி முடியுங்கள். கோபிப்பார்கள், ஆனால் அறைக்கு மெத்தை தேடமாட்டார்கள், சீட்டை எடுக்கமாட்டார்கள். பெரியவர்கள் யாரும் கூட வருவார்கள் என்றால், 2004 இல் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் இருந்த எவரிடமும் கேட்கத்தான் வேண்டும். கரைக்கு ஒட்டிய வீடு வேண்டாம். ஒரு தெரு உள்ளே, மாடி உள்ள வீடாக, வாசல் தெருவைப் பார்த்ததாக எடுங்கள். கடலுக்கு ஐந்து நிமிடம் நடப்பது உங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விடயம் இல்லை. முற்பணத்தைப் பாதியாகக் கட்டலாமா, நாள் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வருகிற யூலைக்குத் தொண்டைமானாற்றில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கடல் தெரியாது, ஏரிப் பக்கம். பின்னேரம் காற்று நன்றாக வரும் என்று மச்சாள் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஐந்து இரவு அங்கே, மீதி நெல்லியடியில். மாமியிடம் முதலே சொல்லிவிட்டேன். யோசித்துவிட்டு, குளியலறைக் கதவுக்கு உள்ளே கொண்டி போடவேண்டும், பிள்ளைகள் போனமுறை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் என்றார். மேசனுக்குச் சொல்லியாயிற்றாம்.