ஜாகுவார் ஈ-டைப்: தொழிற்சாலையை விட்டு வந்தபோது உங்கள் கார் எப்படி இருந்தது?

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் 1961 முதல் 1974 வரை தயாரான கார் இது. இன்று கைமாறும் ஈ-டைப்களில் நிறமோ, இருக்கைத் தோலோ, எஞ்சினோ மாறியிருப்பது சகஜம். பிரித்து வேலை தொடங்கும் முன்பே அசலைக் கண்டுபிடித்துவிட வேண்டும். 3.8 லிட்டர் எஞ்சின் கொண்ட காரை வைத்தே சொல்கிறேன்.

படி 1: எண்களைத் திரட்டுங்கள்

பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள் நான்கும் உண்டு. அதை மட்டும் நம்பாதீர்கள். நகல் தகடு சுலபமாகக் கிடைக்கிறது. எண் குத்திய இடத்திலேயே பாருங்கள். சேஸிஸ் எண் முன் ஃபிரேமின் குறுக்குச் சட்டத்தில், வலது டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மாட்டும் இடத்துக்கு மேலே இருக்கும். எஞ்சின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே. சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கமும் அதே எண் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணை அதன் மேல்மூடியில் தேடுங்கள்.

கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எண்ணும் எழும்பித் தெரியும்.

முன் ஃபிரேம் போல்ட் போட்டு மாட்டியது என்பதை மறந்துவிடாதீர்கள். விபத்தில் நசுங்கி வேறு ஃபிரேம் மாட்டியிருந்தால், அசல் சேஸிஸ் எண் பழைய ஃபிரேமோடு போயிருக்கும். நான்கு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள திறந்த கார்களின் வரிசை 850001-இல் தொடங்குகிறது, நிலையான கூரை கொண்ட கூப்பே 860001-இல். இடப்பக்க ஸ்டீயரிங் என்றால் முறையே 875001, 885001. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தும் எண் 876-இல் தொடங்கினால், அந்தக் கார் வெளிநாட்டுக்கு, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, அனுப்பப்பட்டுப் பிற்பாடு மாற்றப்பட்டது. எஞ்சின் எண்ணின் கடைசியில் வரும் 8 அல்லது 9, கம்ப்ரஷன் விகிதம்; அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது.

படி 3: பழைய பெயின்ட்டைத் தேடுங்கள்

கதவின் உள்பலகையைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கியின் விரிப்புக்குக் கீழும் பாருங்கள். வெளியே சிவப்பாக இருக்கும் கார், அங்கே சாம்பலாகவோ பச்சையாகவோ இருக்கலாம். பெயின்ட் கடைக்கு அனுப்பும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்; பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது.

படி 4: சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்

ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. நான்கு எண்கள், அசல் நிறம், உள்பக்க நிறம், தயாரான தேதி, முதலில் அனுப்பப்பட்ட விநியோகஸ்தர் எல்லாம் அதில் வரும். கார் உங்களுடையது என்பதற்கான ஆவணம் தேவை.

எஞ்சின் எண் ஒத்துவராவிட்டால் அப்படியே குறித்துவையுங்கள். சுரண்டிவிட்டுப் புது எண் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

படி 5: சில்லறை விவரங்கள்

சான்றிதழ் ஒவ்வொரு திருகையும் சொல்லாது. ஜாகுவார் அந்நாளில் அச்சிட்ட உதிரிப்பாகப் பட்டியலில், எந்தச் சேஸிஸ் எண்ணிலிருந்து எந்தப் பாகம் மாறியது என்று இருக்கிறது. உதாரணமாக, முதல் 500 கார்கள் வரை பானெட் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. பிறகு உள்ளே போனது. உங்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.