நேம்டு பைப் வழியாக ஹெச்டிடிபி: பூலில் நடக்கும் தவறுகள்

ஆனித் தேரோட்ட நேரம். திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடையிலிருந்து போன். "தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. சாயங்காலம் கூட்டம் ஏறினதும் சவம் அப்படியே நின்னுருது." பில் போடும் கணினியிலேயே பார்சல் லேபிள் அச்சடிக்கும் விண்டோஸ் சர்வீஸ் ஒன்றும் ஓடியது. பில் மென்பொருள் அதனிடம் நேம்டு பைப் (இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும், பெயர் வைத்த குழாய்) வழியாக, இணையத்தில் உலாவி பேசுகிற அதே ஹெச்டிடிபி முறையில் பேசும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும் என்றார் அண்ணாச்சி. அப்படி ஓடினால் எங்கோ எதுவோ பிடித்து வைக்கப்பட்டு, திரும்ப வராமல் இருக்கிறது என்று அர்த்தம்.

பிடித்து வைத்தது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் நான் எழுதிய நிரல்கோடுதான். பதிலின் ஹெடர், அதாவது தலைப்பு விவரம், வந்ததும் மீதிக்குக் காத்திராமல் வேலையைத் தொடரும்படி, ரெஸ்பான்ஸ்ஹெடர்ஸ்ரீட் என்ற தேர்வைப் போட்டிருந்தேன். லேபிள் ரோல் தீர்ந்தால் சர்வீஸ் 503, அதாவது 'இப்போது முடியாது', என்று சொல்லி, கூடவே ஒரு வரி விளக்கமும் அனுப்பும். கோடு 503ஐப் பார்த்ததும் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்துவிட்டு வெளியே போய்விடும். விளக்கத்தைப் படிக்கவும் இல்லை, ரெஸ்பான்ஸை டிஸ்போஸ் செய்யவும், அதாவது வேலை முடிந்தது என்று விட்டுவிடவும், இல்லை. பதில் முழுதாகப் படிக்கப்பட்டாலோ டிஸ்போஸ் ஆனாலோதான், திறந்த இணைப்புகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் பூல் அந்தப் பைப்பை விடுவிக்கும். சர்வரில் பைப்புக்கு 10 இன்ஸ்டன்ஸ், அதாவது ஒரே நேரத்தில் 10 இணைப்பு, என்று வரம்பு வைத்திருந்தேன். ரோல் தீர்ந்த நேரத்தில் அச்சு பட்டனைப் பத்துத் தடவை அழுத்தினால் பத்தும் போச்சு. பதினோராவது அழைப்புக்கு விண்டோஸ் தருவது 231ஆம் பிழை, பைப் பிஸி. ரெஸ்பான்ஸ் வரும் ஒவ்வொரு இடத்திலும் யூசிங் (வேலை முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் கட்டளை) போடுங்கள், முக்கியமாகப் பிழை வரும் பாதையில்.

அந்த 231 திரையில் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். வரவில்லை, ஏனென்றால் பைப்பைத் திறக்கும் டாட்நெட்டின் நேம்டுபைப்கிளையண்ட்ஸ்ட்ரீம், பைப் பிஸியாக இருந்தால் காத்திருக்கும். பைப்பே இல்லாவிட்டாலும், அதாவது சர்வீஸ் ஓடாவிட்டாலும், வரும் வரும் என்று காத்திருக்கும். நேரம் குறிப்பிடாவிட்டால் அதற்கு முடிவே இல்லை. இணைப்புகளைக் கவனிக்கும் ஹேண்ட்லரின் கனெக்ட்டைம்அவுட்டுக்கும் இயல்பில் வரம்பு கிடையாது. கடைசியில், கோரிக்கை அனுப்பும் ஹெச்டிடிபிகிளையண்டின் 100 விநாடி டைம்அவுட் வந்துதான் அறுத்துவிடும். கல்லாவில் நிற்கிற பெண்ணுக்கு 100 விநாடி என்பது எதிரில் பத்துப் பேர் முறைப்பது. ஒரே கணினிக்குள் இருக்கும் பைப்புக்கு 2 விநாடி தாராளம். அதற்குள் கிடைக்காவிட்டால் பிழை என்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இன்னும் பொல்லாதது. பூல் தன் இணைப்புகளை யூஆர்எல்லில் உள்ள ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் இவற்றைப் பார்த்துத்தான் பிரித்து வைக்கிறது. பைப்பின் பெயர் அதற்குத் தெரியவே தெரியாது. லேபிளுக்கு ஒரு பைப், பில்லுக்கு ஒரு பைப், இரண்டுக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றே முகவரி, எந்தப் பைப் என்பதை, இணைப்பைத் திறக்க நாமே எழுதித் தரும் கனெக்ட்கால்பேக்குக்குள் தேர்வு செய்கிறோம் என்று வையுங்கள். கால்பேக் ஓடுவது புது இணைப்பு திறக்கும்போது மட்டும்தான். ஏற்கெனவே திறந்த லேபிள் பைப் பூலில் சும்மா இருந்தால் பில்லுக்கான கோரிக்கை அதிலேயே போய்விடும். தனியாகச் சோதித்தால் எல்லாம் சரியாக வரும், கலந்து ஓடும்போதுதான் மாறும். பைப்புக்கு ஒரு ஹேண்ட்லர் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லேபிள், பில் என்று வேறு வேறு ஹோஸ்ட் பெயர் கொடுத்து, கால்பேக்கில் அதைப் பைப் பெயராக மாற்றுங்கள். இணைப்பைக் கால்பேக்கே திறப்பதால் அந்தப் பெயரை, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் யாரும் தேடப்போவதில்லை. கூடவே யூஸ்ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள், விண்டோஸில் யாரோ வைத்த ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) குறுக்கே வராமல் இருக்கும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஹெச்டிடிபிகிளையண்ட் உருவாக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வழக்கமான நெட்வொர்க் இணைப்பான டிசிபியில் இப்படிச் செய்தால் போர்ட் தீரும், பைப்பில்தான் போர்ட்டே இல்லையே என்று சிலர் வாதாடுவார்கள். பூல் இருப்பதே ஹேண்ட்லருக்குள்தான். ஹேண்ட்லர் புதிது என்றால் பைப்பும் புதிது, பூல் இருந்தும் இல்லாத கதை.

பைப்பைத் திறக்கும்போது பைப்ஆப்ஷன்ஸில் அசிங்க்ரனஸ் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் திறந்த பைப்பில் ஒரு ரீட் காத்திருந்தால் ரைட் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். ஹெச்டிடிபியில் நாம் எழுதினால்தானே பதில் வரும்? ஆக இரண்டும் நின்றுவிடும். இதைத் தேடி ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் பூலில் இருக்கும் பைப்கள் செத்துப்போகும், அடுத்த கோரிக்கை பிழை காணலாம். தகவல் மட்டும் கேட்கும் ஜிஇடி என்றால் திரும்ப அனுப்பலாம். அச்சடிக்கச் சொல்லும் போஸ்டைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பினால் ஒரே பார்சலுக்கு இரண்டு லேபிள். ஆர்டர் எண்ணைக் கூடவே அனுப்பி, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே அச்சடித்தாயிற்றா என்று சர்வீஸே பார்க்கட்டும்.

லினக்ஸில் எம்கேஃபைஃபோ கட்டளை கொண்டு உருவாக்கும் நேம்டு பைப் பெயரளவில்தான் இதற்கு உறவு. பாளையங்கால்வாய் போல ஒரு பக்கமாகத்தான் பாயும், வருகிறவர்களுக்குத் தனித்தனி இணைப்பும் கிடையாது. அங்கே, இரு பக்கமும் பாயும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரும் அப்படித்தான், லினக்ஸில் சாக்கெட், விண்டோஸில் டாக்கர்_எஞ்சின் என்ற பைப்.

இப்போதெல்லாம் கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை செய்துவிடுகிறேன். சர்வரில் இன்ஸ்டன்ஸ் வரம்பை 2 ஆக்கி, லேபிள் ரோலைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று முறை அச்சு பட்டனை அழுத்துகிறேன். மூன்றாவது முறையும் 503 உடனே வந்தால் ரோலை மாட்டிவிட்டுக் கிளம்பலாம். திரை நின்றுவிட்டால் எங்கோ ஒரு ரெஸ்பான்ஸ் இன்னும் டிஸ்போஸ் ஆகாமல் கிடக்கிறது.