பிடி கிடைத்ததும் சாப்பிடத் தொடங்கினாள்

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோற்றைக் கரண்டியில் கொடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். சரி, தானே எடுத்துச் சாப்பிடட்டும் என்று, வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கரட்டை அவித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்தேன். ஒன்றையும் எடுக்க முடியாமல் அழுதாள்.

பிழை நான் வெட்டிய விதத்தில். இந்த வயதில் பிள்ளை உள்ளங்கையால் பொத்தித்தான் பிடிக்கும். இரு விரலால் கிள்ளி எடுக்க 9 மாதமளவில்தான் வரும். அதனால் போஞ்சி, பூசணி, வத்தாளங்கிழங்கு எல்லாவற்றையும் என் விரல் நீளத்துக்கு வெட்டினேன், அவள் கைப்பிடிக்கு மேலே நுனி நீட்டிக்கொண்டிருக்கும்படி. விரலால் அழுத்தினால் மசியும்வரை அவித்தேன். உப்பு சேர்க்கவில்லை. வாழைப்பழம் வழுக்கியது, கழுவி, பாதித் தோலோடு கொடுத்தேன்.

அப்புறம் ஓங்காளம். முகம் சிவந்து இருமியபோது என் அம்மா பதறிப்போய் வாய்க்குள் விரல் விடப் பார்த்தார். தடுத்தேன். விரல் விட்டால் துண்டு இன்னும் உள்ளே போகலாம். சத்தமாக இருமும் பிள்ளை தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல் திணறினால் உடனே முதலுதவி வேண்டும். அதனால் நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கத்தைவிட்டு நகரமாட்டேன்.

நாலாம் நாள் பூசணித் துண்டைப் பொத்திப் பிடித்து, நுனியைச் சப்பிச் சப்பியே கரைத்துவிட்டாள். முழங்கைவரை மஞ்சள்.